பதினேழு குத்திய துப்பாக்கி

நான் இப்போது சொல்லப் போவது அத்தனையும் உண்மை. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத உண்மை. சரி, சரி, அப்படிப் பார்க்காதீர்கள். அங்கங்கே கொஞ்சம் இழுப்பேன். பூனையைப் பார்த்தேன் என்றால் புலி சைஸில் இருந்தது என்பேன். ஆனால் பூனையே இல்லாத இடத்தில் மியாவ் என்று கத்த மாட்டேன். அந்த அளவுக்கு நான் யோக்கியன்.

அன்றைக்கு வேன் ஸ்டாண்டில் சரக்கு எதுவும் வரவில்லை. என் வேனின் பின்கதவை இறக்கிவிட்டு அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து ஆரம்பித்தேன். எதிரே பஞ்சர் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் கதை வாசனை பிடித்து வந்து நின்றார். மீசையும் இருந்தார். அவரும் வேன்காரர்தான். அந்த மீசைக்குத் தனியாக லைசென்ஸ் எடுக்க வேண்டும், அவ்வளவு பெரிது. நான் சொல்லப் போகிற ஆளுக்கு அவர் அடுத்த வீடு.

ஆள் யார் என்றால், நம் பதினேழு.

இந்தத் தெருவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. பெரிய தொழிற்சாலையில் டூல்ஸ் ஸ்டோர் பார்த்தவர். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஸ்பானர், சுத்தியல், ரம்பம் எல்லாம் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்குவார். கொடுக்கும்போது ஒரு பார்வை, வாங்கும்போது ஒரு பார்வை. "நான் குடுத்த சுத்தியலா இது? தலையை மாத்திட்டியா?" என்று கேட்பார். ஒருமுறை ஒருத்தன் தும்மினான் என்பதற்காக அவன் மூக்கையே செக் பண்ணினாராம், உள்ளே நட்டு ஏதும் ஒளித்து வைத்திருக்கிறானா என்று.

"இது நீ விடுற கதை," என்றார் மீசை.

"தும்மினது நிஜம்ணே. மூக்கை செக் பண்ணது மட்டும் நான் சேத்தது."

சாமான் தொலையாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். நம்பர் பஞ்ச் பார்த்திருப்பீர்கள். விரல் நீள இரும்புக் கட்டை, நுனியில் ஒரு எண் புடைத்திருக்கும். இரும்பின்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரே போடு போட்டால் எண் பதிந்துவிடும். பதிகிற இடத்தை முதலில் அரத்தால் ராவிச் சமமாக்குவார். அப்போதுதான் எண் தெளிவாக விழும் என்பது அவர் கட்சி. அவருடைய டோக்கன் எண் பதினேழு. ஸ்டோரில் இருந்த அத்தனையிலும் பதினேழு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவுடன் அந்தக் கை சும்மா இருக்குமா? வீட்டுக் கரண்டியில் பதினேழு. சைக்கிளில், பூட்டில், சாவியில், சாவி மாட்டுகிற ஆணியில் பதினேழு. அதற்கு ரொம்ப முன்பே, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த குடத்தில்கூட அடியில் பதினேழு குத்தித்தான் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் குடத்தை மாற்றிவிடுவார்களாம்.

அந்தத் தங்கச்சிதான் இந்தக் கதையில் முக்கியம். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். புருஷன் இல்லை. லாண்டரிக்குப் பின்னால் ஒரே ஒரு அறை, அதில்தான் குடித்தனம். கடைசி நாட்களில் படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவையும் அந்த ஒரு அறையில் வைத்துத்தான் பார்த்தார். அப்பா போன கையோடு லாண்டரி முதலாளி வந்து, "கடையைப் பெருசு பண்ணப் போறேன், ரூமைக் காலி பண்ணும்மா," என்று சொல்லிவிட்டார். போக்கிடம் கிடையாது.

அப்பா விட்டுப் போனது ஒரே ஒரு சாமான். ஒரு பழைய துப்பாக்கி. கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து சுவரில் தொங்கியது. என் உயரம் இருக்கும். சரி, என் நெஞ்சு உயரம். விசைக்கு மேலே கோழி மூக்கு மாதிரி ஒரு கொக்கி, அதன் வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல். "ரெண்டு பேருக்கும் சமம்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார். போலீஸ் ஸ்டேஷனில் காட்டி, இது சுடாத பழம்பொருள் என்று எழுதி வாங்கியாயிற்று. பழைய சாமான் ஏலம் விடுகிற இடம் ஒன்று டவுனில் இருக்கிறது. அங்கே மதிப்புப் பார்த்துச் சொல்கிற அம்மா ஒருத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போக நாள் குறித்தார்கள்.

தங்கச்சி என்னிடம்தான் வண்டி பேசினார். "பாதி வந்தாக்கூட ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துருவேன் தம்பி. அதுக்கு மேல எனக்கு ஆசை இல்ல," என்றார். சொல்லும்போது இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பாவம், கீழே வைக்க மறந்துவிட்டார்.

துப்பாக்கி அதுவரை பதினேழு வீட்டில் இருந்தது. மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மதிப்புக்கார அம்மா குழலை மாற்றிவிட்டால்? கட்டையை மாற்றிவிட்டால்? உள்ளே கொண்டுபோய் நம்முடையதை வைத்துக்கொண்டு வேறொன்றை நீட்டினால்? நமக்கென்ன தெரியும்? ஒரு மத்தியானம் பின்கட்டு ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழலைக் கட்டையோடு பிடித்து வைக்க இரண்டு சின்ன ஆப்பு இருக்கும். அதைத் தட்டி எடுத்து, குழலைத் தூக்கி, குப்புறப் போட்டார். வெளியே தெரியாத இடம். அங்கே பாசி பிடித்த மாதிரி ஏதோ கீறல், ஏதோ குழி. துரு என்று நினைத்தார். அரத்தை எடுத்து வழுவழுவென்று ராவினார். டக். டக். பதினேழு. தோளில் முட்டுகிற அடிக்கட்டைத் தகட்டைக் கழற்றி, உள்பக்கம் ராவி அங்கேயும் டக், டக். கொக்கியைத் தாங்கிப் பக்கவாட்டில் இருக்கிற விசைப்பூட்டையும் கழற்றப் பார்த்தார். திருகு துருவில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. போனால் போகிறது என்று விட்டுவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி மாட்டித் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். இதெல்லாம் அவர் சம்சாரம் பிற்பாடு என்னிடம் சொன்னது.

"இதுல என்ன தப்பு?" என்றார் மீசை. "அவர் சாமான், அவர் அடையாளம் வெச்சுக்கிட்டார்."

"பொறுங்கண்ணே, வண்டி இன்னும் கிளம்பவே இல்ல."

கிளம்பியது. தங்கச்சி முன்னால் உட்கார்ந்தார். அண்ணன்காரர் பின்னால் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார், பச்சைக் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டு போகிற மாதிரி.

ஏலக் கடையில் ஒரு நீள மேஜை, மேலே பச்சைத் துணி. சுற்றிலும் கண்ணாடி அலமாரி, உள்ளே பழைய கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது. அதைப் பார்த்தவுடனேயே நம்மாள் என் காதில், "டைமே ஒழுங்கா காட்டாத கடைடா இது," என்றார்.

மதிப்புக்கார அம்மா மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு வந்தார். முதல் வேலையாகக் குழல் முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஒரு நீளக் குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, எடுத்து, வெளியே வைத்து அளந்தார்.

"எதுக்கு அளவு எடுக்கறீங்க?" என்றார் பதினேழு. "இதே மாதிரி இன்னொண்ணு செய்யவா?"

"உள்ள வெடிமருந்து இருக்கானு பாக்கறேங்க. அந்தக் காலத்துல மருந்தைத் திணிச்சு வெச்சபடியே நிறைய பேர் சுவத்துல மாட்டிட்டுப் போயிடுவாங்க. குச்சி அடிவரைக்கும் போகலன்னா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

பதினேழு உடனே என் பின்னால் வந்து நின்றுகொண்டார். சின்ன வயது முழுக்க அதற்குக் கீழேதான் பாய் போட்டுத் தூங்கியிருக்கிறார்.

நல்லவேளை, உள்ளே ஒன்றும் இல்லை. அந்த அம்மா டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துக் கட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. நின்றுகொண்டிருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கட்டைக்கு யாரும் பாலிஷ் போடல. ரொம்ப நல்லது. நிறைய பேர் பளபளப்பாக்கி எடுத்துட்டு வந்து கெடுத்துருவாங்க. கல்லு வெச்சு சுடற ரகம். கைவேலை ரொம்ப நேர்த்தியா இருக்கு," என்றார். எங்களுக்கு டீ சொன்னார். தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு சின்ன வீடு, ஜன்னல் வைத்து, வெள்ளை அடித்து நின்றது. இது நான் இழுத்ததில்லை.

பதினேழு டீயைத் தொடவில்லை. மயக்க மருந்து இருக்குமாம். அவர் டீயையும் நானே குடித்தேன்.

"குழலைக் கழட்டிப் பாக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா ஆப்பைத் தள்ளி எடுத்தார், குழலைத் திருப்பினார். அவ்வளவுதான்.

"இதை யார் ராவினது?"

பதினேழு அலமாரிக் கடிகாரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"துப்பாக்கி செய்யறவங்க குழல் வெடிக்காம தாங்குதானு சோதிச்சுப் பாத்து அடியில முத்திரை குத்துவாங்க. செஞ்சவன் யாரு, எந்தக் காலம்னு அதை வெச்சுத்தான் சொல்ல முடியும். அதை சுத்தமா வழிச்சு எடுத்துட்டு மேல ஏதோ நம்பர் குத்தியிருக்கு. புதுக் குத்து. ஓரம் இன்னும் மின்னுது." அவர் குரல் மாறிவிட்டது. இப்போது எங்களைத்தான் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "திருட்டுச் சாமானுக்குத்தான் இப்படி அடையாளத்தை ராவுவாங்க. இது உண்மையிலேயே உங்க குடும்பத்துதா?"

ஆயுசு முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டவரை முதல் முறையாக ஒருத்தர் சந்தேகப்பட்டார். பதினேழுக்கு நெற்றியில் வியர்த்துக் கொட்டியது. வாயில் வந்ததைச் சொன்னார்: "எங்கப்பாவா இருக்கும். கடைசிக் காலத்துல எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பார்."

அப்பா கடைசிக் காலத்தில் ஸ்பூன் தூக்க முடியாமல் கிடந்தவர். அவருக்கு ஊட்டிவிட்டவர் இதோ பக்கத்தில் நிற்கிறார். தங்கச்சி குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். தினம் தண்ணீர் பிடிக்கிற குடத்தின் அடியில் இருக்கிற அதே எண், அதே சாய்வு. நிமிர்ந்தார்.

"ஆமாங்க," என்றார் அந்த அம்மாவிடம். "எங்கப்பாதான்."

மதிப்புக்கார அம்மா நம்பின மாதிரி தெரியவில்லை. "எனக்கே சந்தேகம் வந்துட்டா, வாங்கறவனுக்கு வராதா? இப்ப இருக்கற நிலைமைல சுவத்துல மாட்டற அலங்காரச் சாமான் விலைதான் போகும். விசைப்பூட்டு உள்பக்கம் ஏதாவது குறி இருக்கலாம். ஆனா திருகு ஒட்டிக்கிச்சு. முறுக்கினா பிச்சுக்கும், நான் கை வெக்க மாட்டேன். எண்ணெய் விட்டு விட்டுக் காத்திருந்தா ஒருவேளை அசையும். பொறுமை வேணும்."

வேனில் ஏறியதும் பதினேழு ஆரம்பித்தார். "பாத்தியா, பாத்தியா, எப்படி விலையைக் குறைக்கறா! அலங்காரச் சாமானாம்! அவளே சல்லிசா அமுக்கப் பாக்கறா."

தங்கச்சி திரும்பவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார். "ஏண்ணே, என் குடத்தைத்தான் கெடுத்தே. என் வீட்டையுமா?"

இரண்டு சிக்னல் தாண்டியபிறகு, "நல்லதுக்குத்தாம்மா பண்ணேன். மாத்திட்டா என்ன பண்றதுன்னு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"வெளியாள் முன்னாடி உன்னை விட்டுக்குடுக்க மனசு வரல. அதுக்காக சும்மா விட்டுட்டேன்னு நெனைக்காதே. துப்பாக்கி எனக்கு வேணும். முழுசா."

"எடுத்துக்கோ. முழுசா எடுத்துக்கோ. எனக்கு அதுல ஒரு ஆணி கூட வேணாம். அலங்காரச் சாமான்தானே."

இதை நான் என் இரண்டு காதால் கேட்டேன். லாண்டரி வாசலில் துப்பாக்கியை இறக்கிக் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் பிடித்துப் போனார்.

"வெக்கப்பட்டுப் போயிருக்கார்," என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"வெக்கமாவது! சாமான் செல்லாதுன்னு கழட்டி விட்டுட்டார்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

மீசை தன் மீசையை நீவினார்.

தங்கச்சி என்ன செய்தார் தெரியுமா? லாண்டரி முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்சம் தவணை வாங்கினார். காலையில் வேலை தொடங்குமுன் இஸ்திரிப் பெட்டியின் மூக்கை அந்தத் திருகின் தலைமேல் மட்டும் வைப்பார், கட்டையில் படாமல். சட்டைக் காலர் முனைக்குச் சூடு காட்டுகிற அதே பதம். எடுத்த கையோடு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். மாலையில் மறுபடி. எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. அந்தத் திருகு குடித்த எண்ணெயில் என் வேன் இரண்டு ஊர் ஓடியிருக்கும். ஒரு நாள் பார்த்தால், பால் பல் ஆடுகிற மாதிரி திருகு லேசாக ஆடியது. தங்கச்சி அதற்கு மேல் தொடவில்லை. நேரே என்னிடம் வந்தார். "கெளம்பு தம்பி. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

மதிப்புக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் முதலில் கதவுக்கருகில் இருந்த காவலாளியைத்தான் கண்ணால் தேடினார். ஆனால் திருகு அசைவதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. மெதுவாகக் கழற்றினார். விசைப்பூட்டு மொத்தமாகக் கையோடு வந்தது. உள்பக்கம் கொஞ்சமும் துரு இல்லை. அங்கே இரண்டு எழுத்து, பக்கத்தில் அரத்தால் போட்ட மாதிரி மூன்று வெட்டு.

"செஞ்சவன் பேரோட முதல் எழுத்துங்க இது," என்றார். பிறகு குழலைப் பிடித்திருந்த அந்த இரண்டு சின்ன ஆப்பையும் எடுத்து லென்ஸுக்கடியில் வைத்தார். அதிலும் மூன்று வெட்டு. விசைக்குக் கீழே விரல் காப்பாக இருக்கிற வளையத்தைக் கழற்றினார். அதன் உள்ளேயும் மூன்று வெட்டு. "ஒரு பட்டறைல ஒரே நேரத்துல நிறைய துப்பாக்கி செய்வாங்க. பாகம் மாறிடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரே மாதிரி வெட்டுப் போட்டு வெப்பாங்க. இது எல்லாம் கூடப் பொறந்தது. ஒட்டு வேலை இல்ல. குழல்ல ஒரு தழும்பு, அடித்தகட்டுல ஒரு தழும்பு, அவ்வளவுதான். அதுக்கு விலை குறையும். ஆனா இது யார் செஞ்சது, எந்தக் காலம்னு இப்ப நான் கையெழுத்துப் போட்டுச் சொல்வேன்."

தங்கச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். "அந்தக் காலத்திலயும் எங்கண்ணன் மாதிரி ஒரு ஆளு இருந்திருக்கான்."

ஏலத்தில் போயிற்று. என்ன விலை என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் உங்களிடம் சொல்லும்போது பத்து மடங்காக்குவேன், எதற்கு வம்பு. சின்னதாக ஒரு வீடு. சமையலறை தனி, படுக்கிற இடம் தனி. சாமான் ஏற்றி இறக்கியது நான்தான். குடம்கூட வந்தது. காசு ஏது என்று பதினேழு கேட்டதற்குத் தங்கச்சி, "லாண்டரில முன்பணம் வாங்கினேன்," என்று சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும், "அண்ணனுக்குப் பங்கு குடுக்கணுமா வேணாமானு எனக்கே புடிபடல தம்பி. ஒரு நாள் குடுக்கணும்னு தோணுது, ஒரு நாள் குடத்தைப் பாத்தா கோவம் வருது. முடிவு பண்ணிட்டு நானே சொல்றேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே," என்றார்.

இதைச் சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் மீசையின் முகம் என் கண்ணில் பட்டது. மீசை இரண்டு பக்கமும் விறைத்து நின்றது.

"அப்போ," என்றார், "இன்னிக்கு வரைக்கும் அந்த மனுஷனுக்குத் தெரியாது?"

வாயைத் திறக்காதே என்று சொன்னதையே கொட்டிவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாவி, பாதி அவரோட சொத்துடா! அப்பா சமம்னு சொல்லிட்டுத்தானே போனார்?" என்று எழுந்தார்.

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டியில் போட்டுவிட்டுக் குறுக்கே வந்தார். "எங்க கெளம்பறீங்க? ஆணி கூட வேணாம்னு அவர் வாயாலயே சொன்னார்ல? குடுத்தது குடுத்ததுதான்."

"அலங்காரச் சாமான்னு நெனச்சுச் சொன்னது அது! தெரிஞ்சா சொல்லியிருப்பாரா?"

"செல்லாதுன்னு தங்கச்சி தலைல கட்டுனவருக்கு, செல்லுதுன்னு தெரிஞ்சதும் பங்கு வேணுமா? நல்லா இருக்குய்யா நியாயம்!"

கண்ணாடிக் கடைக்காரர் நடுவில் புகுந்தார். "எனக்கென்னவோ அந்த மதிப்புக்கார அம்மாவும் தங்கச்சியும் முன்னாடியே பேசி வெச்சிருப்பாங்கன்னு—"

"நீ சும்மா இருய்யா! ராவினது அவங்களா? குத்தினது அவங்களா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்தார்கள்.

"யாரைப் பாத்து 'ய்யா'ங்கறீங்க?" என்று எகிறினார் கண்ணாடிக் கடைக்காரர்.

"அவங்களே சொல்லட்டும், மீசை. அது அவங்க அண்ணன் தங்கச்சி விஷயம். நீங்க எதுக்கு நடுவுல?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"நான் பக்கத்து வீட்டுக்காரன். தினம் அவர் முகத்துல முழிக்கறேன். தெரிஞ்சுக்கிட்டே எப்படி மறைக்கறது?" மீசை என் வேனைச் சுற்றிக்கொண்டு தன் வேனுக்குப் போனார். பஞ்சர் கடைக்காரர் ஓடிப்போய் அவர் சாவியைப் பிடித்துக்கொண்டார். இவர் இழுக்க, அவர் இழுக்க, தொட்டித் தண்ணீர் சாய்ந்து எல்லார் காலும் நனைந்தது.

"சாவியை விடு!"

"அந்தத் தங்கச்சி வீட்டைக் காலி பண்ண வெக்கப் போறியா நீ?"

"விடுங்கறேன்ல!"

"முடியாது, போடா!"